மருந்தில்லா மாத்திரை விழுங்கிய எழுபது பேர்

ரத்த அழுத்தத்தின் வரலாறு – 8

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனதோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். ஓராண்டுக்கு முன், 1944 மார்ச்சில், கடற்படை மருத்துவமனையின் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அளந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 186/108. இறந்த அன்று மேல் அளவு 300-ஐத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்குக் கிடைத்த வைத்தியம் உப்புக் குறைத்த சாப்பாடு, ஓய்வு, சிகரெட்டைக் குறைக்கும்படி அறிவுரை, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ், மனம் அமைதிப்பட ஃபீனோபார்பிட்டால். உலகத்தின் எந்த மருத்துவரையும் ஒரே அழைப்பில் வரவழைத்திருக்கக்கூடிய மனிதருக்கே அவ்வளவுதான்.

அழுத்தத்தை ஏன் இறக்கவில்லை? இறக்க நல்ல மருந்து இல்லை என்பது பாதி பதில். இறக்கவே கூடாது என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள் என்பது மறுபாதி. லிவர்பூலின் ஜான் ஹே 1931-ல் சொன்னதன் சாரம் இது: ரத்தக் கொதிப்புக்காரருக்குப் பெரிய ஆபத்து அது கண்டுபிடிக்கப்படுவதுதான், உடனே எவராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவார். அமெரிக்க இதய மருத்துவத்தின் முன்னோடியான பால் டட்லி ஒயிட்டும் 1937-ல், உயர் அழுத்தம் உடலே செய்துகொள்ளும் ஈடுகட்டலாக இருக்கலாம், அதில் கைவைக்க வேண்டாம் என்று எழுதினார். மாடித் தொட்டிக்குப் போகும் குழாய் உள்ளே அடைத்துக்கொண்டால் மோட்டார் கூடுதல் வேகத்தில் தள்ளித்தானே ஆக வேண்டும். அதுபோல, குறுகிப்போன ரத்தக்குழாய்களின் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச்சேர உயர் அழுத்தம் தேவை என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அதனால்தான் இத்தனை காலம் நின்றது.

1940-களில் துணிந்து கைவைத்தவர்களும் இருந்தார்கள். பாஸ்டனில் ரெஜினால்ட் ஸ்மித்விக் முதுகைத் திறந்து, ரத்தக்குழாய்களை இறுக்கும் நரம்புகளையே வெட்டியெடுத்தார். பிழைத்தவர்கள் சிலருக்கு அழுத்தம் இறங்கியது, எழுந்து நின்றால் தலைசுற்றலும் கூடவே வந்தது.

நம் வாசகர்களுக்குச் சுவாரசியமானவர் வால்டர் கெம்ப்னர். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். கடும் ரத்தக் கொதிப்புக்கு அவர் கொடுத்த மருந்து சோறு. உப்பே இல்லாத வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. இரண்டு வாரம் சாப்பிடச் சொல்லி அனுப்பிய ஒரு பெண், அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு புரியாமல் இரண்டு மாதம் அதையே சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததாகவும், அவர் அழுத்தம் வெகுவாக இறங்கியிருந்ததாகவும் டியூக்கில் ஒரு கதை வழங்குகிறது. கெம்ப்னர் காட்டிய கண்ணின் உட்திரைப் படங்களும் மார்பு எக்ஸ்ரேக்களும் பொய்யில்லை. வீங்கிய இதயம் சுருங்கியது, விழித்திரையின் ரத்தக்கசிவு மறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, அந்தச் சோறு சாப்பிடாத இன்னொரு கூட்டம் அவரிடம் இல்லை. மாதக்கணக்கில் உப்பில்லாச் சோற்றை விழுங்கும் வைராக்கியம் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்.

பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஹெக்ஸாமெத்தோனியம் 1948-ல் இங்கிலாந்தில் ஆராயப்பட்டு, நியூசிலாந்தின் டனீடன் நகரில் ஹொரேஸ் ஸ்மர்க் கையில் ஊசி மருந்தானது. அழுத்தம் சரசரவென்று இறங்கும். கூடவே வாய் உலரும், கண் மங்கும், மலம் கட்டும், எழுந்தால் மயக்கம் வரும். நாளை செத்துவிடுவார் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் அதைக் கொடுக்க மனம் வரும்.

அடுத்தது இந்தியாவிலிருந்து போனது. சர்ப்பகந்தா வேரை நம் நாட்டு வைத்தியர்கள் பித்துப் பிடித்தவர்களுக்கும் தூக்கமில்லாதவர்களுக்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். அது ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-லேயே எழுதினார்கள். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அந்த வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். இந்திய இதழ்களில் வந்ததால் வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல், சர்ப்பகந்தா மாத்திரை கொடுத்த 50 நோயாளிகளின் விவரங்களை 1949-ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் விழித்தார்கள். பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அந்த மாத்திரையை வரவழைத்துக் கொடுத்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1952-ல் வேரின் சாரத்தைத் தனியே பிரித்து ரெசர்பின் என்று பெயரிட்டது. மெதுவாக வேலை செய்யும் மருந்து. மூக்கடைப்பு வரும், சிலருக்கு மனச்சோர்வு ஆழமாக வரும். ஆனாலும் மாத்திரையாக விழுங்கலாம். இந்த ரெசர்பினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் முக்கியமான ஓர் இடத்தில் மறுபடி வரும்.

கடைசியாக 1957-ல் குளோரோதையசைடு. மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயரும் சகாக்களும், உடலில் தேங்கும் உப்பைச் சிறுநீரோடு வெளியேற்ற ஒரு மாத்திரை தேடினார்கள். கெம்ப்னர் வாயில் தடுத்த உப்பை இது சிறுநீரகத்தில் வைத்து வெளியேற்றியது. ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு இதைக் கொடுத்து முதலில் அறிவித்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஃப்ரீஸ். இந்த அத்தியாயத்தின் நாயகர் அவர்தான்.

1912-ல் சிகாகோவில் பிறந்தவர். போர் முடிந்ததும் பாஸ்டனில் வில்கின்ஸிடம் வேலை பார்த்தபோது, பென்டாக்வின் என்ற மலேரியா மருந்து ரத்த அழுத்தத்தை இறக்குவதைக் கவனித்து, சாகும் தறுவாயில் இருந்த ஒரு ரத்தக் கொதிப்பு நோயாளிக்கு அதைக் கொடுத்தார். நோயாளி தேறினார். மருந்தால் இந்த நோயைத் திருப்பிவிட முடியும் என்று அன்றிலிருந்து ஃப்ரீஸ் நம்பினார். பிறகு வாஷிங்டனின் படைவீரர் மருத்துவமனைக்குப் போய், கடைசிவரை அங்கேயே இருந்தார்.

1960 வாக்கில் நிலைமை இதுதான். மாத்திரைகள் இருந்தன, அவை எண்ணை இறக்கின என்பதில் சந்தேகமில்லை. ஓர் ஊர் மக்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்த ஃப்ராமிங்ஹாம் ஆய்வு, அழுத்தம் கூடியவர்களுக்கு இதய நோயும் கூடுதல் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எண்ணை இறக்கினால் ஆள் பிழைப்பாரா? உயர் அழுத்தம் நோயின் காரணமா, அடையாளமா? அடையாளம் மட்டும்தான் என்றால் அதை அழித்து என்ன பயன்? எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலைக்குப் போய்வரும் ஒரு மனிதரிடம், மூக்கடைப்பையும் சோர்வையும் தரும் மாத்திரையைச் சாகும்வரை விழுங்கு என்று சொல்ல என்ன ஆதாரம்? இந்தக் கேள்விகளை எழுப்பியவர்கள் மூடர்கள் அல்லர். ஃப்ரீஸ் அவர்களோடு வாதாடி ஜெயிக்க முயலவில்லை. அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

எண்ணுவதற்கு அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகள் வாகான இடம். நாடு முழுக்கச் சிதறிக்கிடந்தாலும் ஒரே நிர்வாகம். முன்னாள் படைவீரர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் ஆண்டுக்கணக்கில் அதே இடத்துக்கு வருவார்கள். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோதே இந்த மருத்துவமனைகள் கூட்டாக வேலை செய்து பழகியிருந்தன. 1964-ல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கீழ் அளவு 90 முதல் 129 வரை உள்ள ஆண்கள். அதற்கு மேலே இருந்தவர்களுக்கு மருந்து அவசியம் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது, அவர்களைச் சோதனையில் சேர்ப்பது தகாது. ஒருநாள் பார்த்த அளவை நம்பாமல், மருத்துவமனையில் படுக்கவைத்து, முந்தைய மருந்துகளை நிறுத்தி, சில நாட்கள் கழித்து எடுத்த அளவுகளின் சராசரியைக் கணக்கில் கொண்டார்கள்.

ஃப்ரீஸுக்கு ஒரு பழைய கவலை இருந்தது. கொடுத்த மாத்திரையை நோயாளி உண்மையிலேயே விழுங்குகிறாரா? ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, தவறாமல் சாப்பிட்டேன் என்று சொல்பவர் பாதிப் பேர் இருந்தால் எந்தச் சோதனையும் கவிழ்ந்துவிடும். அதனால் சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே சில மாதம் எல்லாருக்கும் மருந்தில்லா மாத்திரையைக் கொடுத்தார். அதற்குள் ரிபோஃபிளேவின், அதாவது பி-2 வைட்டமின், கொஞ்சம் கலந்திருந்தது. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதை நாமே பார்த்திருக்கிறோம். அந்தச் சிறுநீரைப் புற ஊதா விளக்கின் கீழே பிடித்தால் மஞ்சள்பச்சையாக ஒளிரும். நோயாளி வந்ததும் சிறுநீர் வாங்கி விளக்கில் காட்டினார்கள். கொண்டுவந்த புட்டியில் மீதி எத்தனை மாத்திரை என்று எண்ணினார்கள். ஒளிராதவர், எண்ணிக்கை உதைத்தவர், குறித்த நாளில் வராதவர் எல்லாரையும் வெளியே நிறுத்தினார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படிக் கழிந்துபோனார்கள்.

இது சோதனைக்குப் பலம், முடிவுக்கு ஒரு குறையும்கூட. சொன்ன சொல் தவறாமல் மாத்திரை விழுங்குகிற மனிதர்களிடம் கிடைத்த பலன், நம் தெருவில் இருக்கிற எல்லாருக்கும் அப்படியே கிடைத்துவிடாது. ஆனால் ஃப்ரீஸ் கேட்ட கேள்வி வேறு: உண்மையிலேயே விழுங்கினால் பலன் உண்டா, இல்லையா? அதற்கு இந்த வடிகட்டல் அவசியம்.

தேறியவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்று மருந்து: ஹைட்ரோகுளோரோதையசைடு, ஹைட்ராலசின், நம் சர்ப்பகந்தாவின் ரெசர்பின். மறுபாதிக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரைகள். யாருக்கு எது என்பது விழுங்குபவருக்கும் தெரியாது, எழுதிக்கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்தவர்கள் 143 பேர். சராசரி வயது ஐம்பதை ஒட்டி. ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர். அவர்களில் 73 பேருக்கு மருந்து, 70 பேருக்கு வெற்று மாத்திரை. தொடங்கும்போது இரு கூட்டத்துக்கும் அழுத்தம் 187/121 அளவில் ஒன்றுபோலவே இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் மேலே நாற்பதுக்கு மேலும் கீழே முப்பது அளவிலும் இறங்கியது. பழைய கோட்பாடு சரியென்றால் இங்கேதான் விபரீதம் நடந்திருக்க வேண்டும். மூளைக்கு ரத்தம் போதாமல் இவர்கள் விழுந்திருக்க வேண்டும், சிறுநீரகம் பழுதாகியிருக்க வேண்டும்.

விழுந்தவர்கள் மற்றவர்கள். ஒன்றரை ஆண்டுக்குள் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு: விழித்திரையில் ரத்தக்கசிவு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பழுது, மகாதமனிக் கிழிசல். மருந்துக் கூட்டத்தில் இரண்டே பேர். இறந்தவர்கள் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் நால்வர், மருந்துக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

இவ்வளவு சிறிய கூட்டத்தில், இவ்வளவு குறுகிய காலத்தில், இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவ ஆய்வுகளில் அபூர்வம். கணக்கியல் நுணுக்கம் எதுவும் தேவையில்லை, பள்ளிப் பிள்ளைக்குக்கூடப் புரியும். இந்தப் பிரிவின் சோதனையை உடனே நிறுத்திவிட்டு, 1967 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த 27 பேரை விட்டு என் மனம் எளிதில் நகர்வதில்லை. அவர்களுடைய பெயர்கள் எங்கும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் யார் என்று ஊகிக்க முடியும். இளமையில் போருக்குப் போய்த் திரும்பிய மனிதர்கள், மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதவர்கள், புட்டியைக் கையோடு கொண்டுவந்து எண்ணக் கொடுத்தவர்கள். அந்த ஒழுங்குதான் அவர்களை இந்தச் சோதனைக்குள் சேர்த்தது. ஐந்தில் இருவர் அந்த நம்பிக்கையோடு வெற்று மாத்திரையை விழுங்கி நோயில் விழுந்தார்கள்.

இது அநியாயம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. அதே 1960-களில் அலபாமாவின் டஸ்கிகீயில், மேகப்புண் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அமெரிக்க அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1932-ல் தொடங்கிய அந்தக் கொடுமை 1972-ல் செய்தித்தாளில் வெளிவந்த பிறகே நின்றது. அங்கே விடை தெரிந்திருந்தும் மருந்தை மறைத்தார்கள். ஃப்ரீஸ் தொடங்கியபோது விடை தெரியாது. மருந்து சாப்பிடுகிறவர்கள்தான் பலியாவார்கள் என்று மூத்தவர்கள் பலர் நினைத்தார்கள். யாருக்காவது பாதிப்பு தலைகாட்டினால் அவரைச் சோதனையிலிருந்து எடுத்து வைத்தியம் செய்யும்படி விதி இருந்தது. விடை தெரிந்ததும் நிறுத்தினார்கள். நான் இந்தச் சோதனையைச் சரியென்றே கருதுகிறேன். அந்த எழுபது பேருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதனால் குறைந்துவிடாது.

கீழ் அளவு 90 முதல் 114 வரை இருந்த 380 பேரின் சோதனை நிற்காமல் தொடர்ந்தது. அவர்களில் 186 பேருக்கு மருந்து, 194 பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக மூன்றேகால் ஆண்டு கவனித்து, 1970 ஆகஸ்டில் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 20, மருந்துக் கூட்டத்தில் 5. இதயச் செயலிழப்பு அங்கே 11, இங்கே ஒன்றுகூட இல்லை. ரத்தக் கொதிப்பு சார்ந்த மரணம் அங்கே 19, இங்கே 8. ஐந்தாண்டுக்குள் ஏதேனும் ஒரு கடும் பாதிப்பு வரும் வாய்ப்பு 55 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். இவை தவிர, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்குக் கீழ் அளவு 125-க்கு ஏறி இறங்காமல் நின்றதால் அவர்களை இடையிலேயே எடுத்து மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு வரிசை மட்டும் ஏமாற்றியது. மாரடைப்பும் அது சார்ந்த மரணமும் வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 13, மருந்துக் கூட்டத்தில் 11. வித்தியாசம் என்று சொல்ல ஏதுமில்லை. மூளையையும் சிறுநீரகத்தையும் காத்த மாத்திரை, இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களை ஏன் காக்கவில்லை என்ற கேள்வி அடுத்த இருபது ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்களைத் துரத்தியது. கீழ் அளவு 90-க்கும் 104-க்கும் இடையில் இருந்தவர்களுக்குக் கிடைத்த நன்மையும் அவ்வளவு தெளிவாக இல்லை. ரத்தக் கொதிப்புக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைவெளி, இந்த இரண்டு பட்டியல்களிலும் ஒரு பெண்கூட இல்லை. படைவீரர் மருத்துவமனை என்பதால் அப்படி ஆனது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவை வைத்துத்தான் பெண்களுக்கும் மாத்திரை எழுதினார்கள்.

ஃப்ரீஸுக்கு 1971-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1957-ல் சர்ப்பகந்தாவுக்காக வக்கீல் பெற்ற அதே விருது. அதன் புரவலர் மேரி லாஸ்கர் பரிசைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. இவ்வளவு தெளிவான முடிவு வந்தும் மருத்துவர்கள் மாத்திரை எழுதவில்லையே என்று சுகாதாரத் துறைச் செயலர் எலியட் ரிச்சர்ட்சனிடம் போய் நின்றார். 1972-ல் தேசிய உயர் ரத்த அழுத்தக் கல்வித் திட்டம் பிறந்தது. அப்போது அமெரிக்காவில் நிலைமையைப் பாதிப் பாதியாகச் சொல்வார்கள்: நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் வைத்தியம் செய்துகொள்வதில்லை, செய்துகொள்பவர்களில் பாதிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லை. எட்டில் ஒருவர்தான் தேறினார். பட்டை கட்டி அளக்கும் கருவி கண் மருத்துவமனைக்கும் பல் மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஃப்ரீஸின் சோதனை தொடாமல் விட்ட இன்னொரு நம்பிக்கை இருந்தது. அவரும் அவர் காலத்தவர்களும் கீழ் அளவைத்தான் நோயென்று பார்த்தார்கள். மேல் அளவு வயதோடு ஏறுவது இயல்பு, வயதோடு நூறைக் கூட்டிக்கொண்டால் அதுதான் சரியான அளவு என்று மருத்துவர்களே சொன்னார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அதைக் கேட்கலாம். எழுபது வயதுப் பாட்டிக்கு மேல் அளவு 170, கீழ் அளவு 80 என்றால் மாத்திரை வேண்டுமா? 1980-களில் அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்த 4,736 பேரைக் கொண்டு அதைச் சோதித்தார்கள். இம்முறை பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

அந்தச் சோதனையை அடுத்த இதழில் பார்ப்போம்.